எலிக்கூண்டிலிருந்து வீட்டுக்கு எதைக் கொண்டுவருவது?

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் செய்தித்தாள்களிலும் கைபேசிகளிலும் ஒரு செய்தி வலம் வருகிறது: மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு, எலிகளிடம் சோதனை வெற்றி. அச்செய்தி வந்த வாரத்தில், நம் மருத்துவமனைக்கு முதியவர்களை அழைத்து வருவோரில் ஒருவராவது அதைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டு என எங்கிருந்து வந்தாலும் அக்குடும்பத்தினரின் கேள்வி ஒன்றுதான்: அந்த மருந்து நமக்கு எப்போது கிடைக்கும்?

சற்றுப் பொறுமையாகப் பேசினால், அவர்கள் கேட்பது மறதிக்கான மருந்து மட்டுமன்று என்பது விளங்கும். பேரனின் பெயரைத் தாத்தா மறந்துவிட்டால் குடும்பம் அதைத் தாங்கிக்கொள்கிறது. தாங்க இயலாதவை வேறு. பொழுது சாய்ந்ததும் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொந்த வீட்டின் வாசலில் நின்று அழுவது. நள்ளிரவில் எழுந்து "டேனரிக்கு நேரமாகிவிட்டது" என்று சட்டையைத் தேடுவது. "என் நகையை மருமகள் எடுத்துவிட்டாள்" என்று தெருவே கேட்கும்படி கூவுவது. குளிக்க அழைத்தால் அடிக்கக் கை ஓங்குவது. அல்லது, இவற்றுக்கு நேர்மாறாக, எதிலும் விருப்பமின்றி நாள் முழுவதும் சுவரைப் பார்த்து அமர்ந்திருப்பது. இவற்றை மருத்துவத்தில் முதுமை மறதி நோயின் நடத்தை அறிகுறிகள் என்கிறோம். இவற்றை ஆராய விலங்குகளைப் பயன்படுத்துவதால் நமக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பதைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

நோயின் முதல் முகம்

அல்சைமர் நோயின் வரலாறே நடத்தை மாற்றத்தில்தான் தொடங்குகிறது. 1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகுஸ்தே டெட்டர் என்ற பெண்மணியிடம் முதலில் தெரிந்தது கணவர் மீதான காரணமற்ற சந்தேகம். பிறகு நினைவு குன்றியது, பொருள்களை இடம் மாற்றி ஒளித்து வைத்தார், கூச்சலிட்டார். மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, 1906 நவம்பரில் தம் முடிவுகளை அறிவித்தார். ஆகவே, சந்தேகமும் கூச்சலும் நோயோடு ஒட்டிவந்த தனிக் குணங்கள் அல்ல; அவையும் நோயே.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, முதுமை மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளில் 10/66 என்ற ஆய்வுக் குழு நடத்தி, 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்றோரில் பத்தில் ஏழு பேருக்கு ஏதேனும் ஒரு நடத்தை அறிகுறி இருந்தது. அக்குழுவின் பெயரிலேயே ஒரு முறையீடு உள்ளது. உலகின் நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆய்வுகளிலோ 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதே அப்பெயரின் பொருள். 1998-இல் கொச்சியில் உருவான அக்குழுவின் பணிகளில் நம் வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்து முதியோரும் பங்கேற்றுள்ளனர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

சுண்டெலிக்கு நோய் எப்படி வருகிறது?

சுண்டெலிக்கு அல்சைமர் நோய் இயற்கையாக வருவதில்லை. மிகச் சில குடும்பங்களில் மட்டும், இளவயதிலேயே, பரம்பரையாக இந்நோய் வருவதுண்டு. அவர்களிடம் காணப்பட்ட பழுதுற்ற மனித மரபணுவைச் சுண்டெலியின் கருவில் சேர்க்கின்றனர். 1990-களின் நடுப்பகுதியில் அவ்வகையில் உருவான சுண்டெலிகளின் மூளையில், மனிதரிடம் காண்பது போன்றே, அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத் திட்டாகப் படிந்தது. அன்று முதல் பல வகைச் சுண்டெலிகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு ஐந்து மரபணுப் பழுதுகளை ஒருங்கே சேர்த்துள்ளனர். அதற்குச் சில மாத வயதிலேயே மூளை மாற்றங்கள் தோன்றிவிடுகின்றன.

பேசாத உயிரின் நடத்தையை எவ்வாறு அளப்பது? அதற்கு எளிய வழிகள் உள்ளன. நலமுள்ள சுண்டெலிக்குப் பஞ்சு கொடுத்தால் இரவுக்குள் அழகிய கூடு கட்டிவிடும். குழாயில் உணவுத் துகள்களை நிரப்பி வைத்தால் அவற்றைத் தோண்டி வெளியே தள்ளும். நோயுற்ற சுண்டெலியோ பஞ்சைத் தொடாமல் விட்டுவிடும். அன்றாட வேலைகளில் நாட்டமிழந்து அமர்ந்திருக்கும் நம் முதியவர்களின் நிலைக்கு இது ஓரளவு இணையானது. கூண்டில் வேறொரு சுண்டெலியை விட்டு, அது எத்தனை முறை தாக்கப்படுகிறது என எண்ணினால் மூர்க்கத்தின் அளவு தெரியும். எப்போது ஓடுகிறது, எப்போது உறங்குகிறது என இரவும் பகலும் கருவிகள் பதிவு செய்யும்.

இப்பதிவுகள் வீண்போகவில்லை. மூளையில் அமிலாய்டு படியத் தொடங்கிய பின் சுண்டெலிகளின் உறக்க ஒழுங்கு குலைவதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினர். அப்படிவைத் தடுத்தபோது உறக்கம் பெரும்பாலும் சீரடைந்தது. இரவில் விழித்து நடமாடும் முதியவர் பிடிவாதத்தால் அவ்வாறு செய்யவில்லை. அவருடைய மூளையின் உறக்க அமைப்பே பழுதடைந்திருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது; எனினும், சுண்டெலியிடம் கண்டது மட்டும் மனிதருக்கு முழுச் சான்றாகாது.

அந்தியும் உயிர்க்கடிகாரமும்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள நேரங்காட்டும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதன் மீது குச்சியை வைத்தால் விழும் நிழலே மணியைச் சொல்லும். நம் மூளையின் அடிப்பகுதியிலும் ஒளியைக் கொண்டு நேரத்தைக் கணிக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. உறக்கம், பசி, உடல் வெப்பம் ஆகியவை அதன் ஆணைக்கு உட்பட்டவை. முதுமை மறதி நோயில் இவ்வுயிர்க்கடிகாரமும் பழுதடைகிறது. அந்தி நேரத்தில் குழப்பமும் சினமும் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

சினத்துக்கும் கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு? பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2018-இல் இதற்கு ஒரு விடை தந்தனர். ஆண் சுண்டெலிகளின் மூர்க்கம் நாளின் எல்லா வேளையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நேரத்திற்கேற்பக் கூடிக் குறைகிறது. உயிர்க்கடிகாரத்திலிருந்து, தாக்குதலைத் தூண்டும் மூளைப் பகுதிக்குச் செல்லும் நரம்புப் பாதையை அவர்கள் கண்டறிந்தனர். இடையில் உள்ள நரம்பணுக்களைச் செயலிழக்கச் செய்தபோது அந்த நேர ஒழுங்கு குலைந்தது. கடிகாரம் இட்டுவைத்திருந்த கடிவாளம் அவிழ்ந்தது எனலாம்.

இது அருமையான கண்டுபிடிப்பு. ஆயினும், இதனை அப்படியே நம் வீட்டுத் தாத்தாவுக்குப் பொருத்தக் கூடாது. அச்சுண்டெலிகளுக்கு மறதி நோய் இல்லை. சுண்டெலி இரவில் விழித்திருக்கும் உயிர். நமக்குப் பொழுது சாயும் நேரம் அதற்குப் பொழுது விடியும் நேரம். ஆண் சுண்டெலிகளிடம் கண்டது பாட்டிகளுக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

சுண்டெலி சொல்ல இயலாதவை

இதனினும் பெரிய இடைவெளிகள் உள்ளன. நம் நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் பரம்பரை மரபணுப் பழுது இல்லை. அவர்களுக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளன. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அடைப்பு உள்ளது. கண்ணில் புரை, காதில் மந்தம், முழங்காலில் வலி ஆகியவை உள்ளன. ஆய்வகச் சுண்டெலியோ இளமையானது, வேறு நோயற்றது, ஒரே மாதிரியான உணவை உண்பது.

இறுதியாக, "மருமகள் என் நகையை எடுத்துவிட்டாள்" என்று எந்தச் சுண்டெலியும் எண்ணாது. நகை என்பது ஒரு வாழ்க்கையின் சேமிப்பு. மருமகள் என்பது ஓர் உறவு. அச்சொற்களுக்குப் பின்னால், வைத்த இடம் மறந்துபோன திகைப்பும், வீட்டின் பொறுப்பு கைமாறிய வருத்தமும் உள்ளன. "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அழுபவர் தேடுவது ஒரு கட்டடத்தையா, இறந்துபோன தாயையா என்பதைக் கூண்டு காட்டாது. அதை அறியக்கூடியவர்கள் அவரோடு வாழ்ந்தவர்கள் மட்டுமே.

கூண்டிலிருந்து அடுக்களைக்கு

எலிச் சோதனைச் செய்தி நேரே அடுக்களைக்குள் நுழைவதே நம் நாட்டில் நான் காணும் பெரும் இடர். மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருளை உணவில் கலந்து கொடுத்தபோது சுண்டெலிகளின் மூளையில் அமிலாய்டு குறைந்தது என 2001-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. ஆனால், அல்சைமர் நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்து 2012-இல் வெளியான சிறிய ஆய்வில் பயன் எதுவும் தென்படவில்லை. வாய்வழி உண்ணும் குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது என்பதும் ஒரு காரணம்.

அதே 2012-இல் நம் நாட்டு ஆய்வு ஒன்று பெரிதும் பேசப்பட்டது. அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், அமுக்கரா எனப்படும் அசுவகந்தாவின் வேர்ச்சாற்றை மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு 30 நாள் கொடுத்தனர். அவற்றின் நினைவாற்றல் சோதனை முடிவுகள் மேம்பட்டன, அமிலாய்டும் குறைந்தது. அச்சாறு நேரே மூளையில் வேலை செய்யாமல், கல்லீரலில் ஒரு புரதத்தைப் பெருக்கி, மூளையிலிருந்து அமிலாய்டை வெளியே இழுத்தது என்பது அதன் சிறப்பான முடிவு. அறிவியலுக்கு அது புதிய வாயிலைத் திறந்தது; நமக்கும் பெருமை சேர்த்தது. ஆயினும், முதுமை மறதி நோய்க்கு அமுக்கராவே மருந்து எனக் கூறும் அளவுக்கு மனிதரிடம் செய்த ஆய்வுகள் இன்றுவரை இல்லை. அச்செய்தியை நம்பி, மருத்துவர் எழுதிய மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சூரணம் மட்டும் கொடுப்பது நன்றன்று. அமுக்கரா மயக்கத்தைக் கூட்டலாம். தைராய்டு மருந்தோடு முரண்படலாம். அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கலாம். சித்த மருந்து எதுவாயினும் தகுதிபெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில் கொடுங்கள். எங்களிடமும் தவறாது சொல்லுங்கள்.

எலியிடம் நன்மை செய்தது மனிதருக்குத் தீங்கு செய்ததும் உண்டு. 1999-இல் அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று சுண்டெலிகளிடம் வியக்கத்தக்க பலன் தந்தது. மனிதரிடம் சோதித்தபோது, அதைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மூளையழற்சி ஏற்பட்டதால், 2002-இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது.

உறக்க மாத்திரைகளையும் மனநோய் மருந்துகளையும் பற்றி ஒரு சொல். மனநோய்க்கான சில மருந்துகள், மறதி நோயுள்ள முதியோரின் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்த்துகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. அல்சைமர் நோயாளியின் பெருங்கிளர்ச்சிக்கு என்று 2023-இல் அங்கே முதன்முதலாக ஒப்புதல் பெற்ற பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற மருந்துக்கும் அதே எச்சரிக்கை உண்டு. சில வேளைகளில், பிறருக்கோ நோயாளிக்கோ ஆபத்து நேரும் நிலையில், நாங்கள் இத்தகைய மருந்துகளைக் குறைந்த அளவில், குறைந்த காலத்திற்குத் தருகிறோம். ஆனால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிக் கொடுப்பதும், "இன்று அதிகம் கத்துகிறார்" என்று இரண்டாக்குவதும் உயிருக்கு இடர் விளைவிப்பவை.

மருந்தன்று, முறை

அப்படியானால் எலிக்கூண்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரத்தக்கது எதுவுமில்லையா? உண்டு. அது மருந்தன்று, முறை.

ஆய்வகத்தில் சுண்டெலி கடித்தால் அங்குள்ளோர் அதன் மீது சினம் கொள்வதில்லை. எத்தனை மணிக்குக் கடித்தது, அதற்கு முன் என்ன நடந்தது, விளக்கு எரிந்ததா, பசித்திருந்ததா எனக் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் ஒரே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கின்றனர். இந்தப் பொறுமையைக் கூண்டு உயிருக்குக் கொடுக்கும் நாம், நம்மைத் தூக்கி வளர்த்தவர்களுக்குக் கொடுக்கத் தயங்கலாமா?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: நேரம், அதற்கு முன் நடந்தது, அவர் செய்தது, எதனால் அடங்கியது. அன்று மலம் கழித்தாரா, சிறுநீர் சரியாகப் போனதா, எவ்வளவு தண்ணீர் குடித்தார், பகலில் எவ்வளவு உறங்கினார் என்பவற்றையும் சேருங்கள். ஒரு வாரம் எழுதினாலே ஓர் ஒழுங்கு புலப்படக்கூடும். மலச்சிக்கலான மூன்றாம் நாளில் மட்டும் கூச்சல் மிகலாம். குளிக்கும்போது அடிப்பவர், கையைத் தூக்கும்போது தோள் வலிப்பதால் அடிக்கலாம். ஷூ கம்பெனிப் பேருந்து வந்து நின்று, மகளும் மருமகளும் களைத்து வீடு திரும்பி, தொலைக்காட்சியும் குழந்தைகளின் குரலும் ஒருங்கே எழும் அந்த அரைமணி நேரமே அவரைக் கலங்கச் செய்யலாம்.

வலி என்பது எவ்வளவு பெரிய காரணம் என்பதற்கு நார்வே நாட்டு முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு சான்று. அங்கு ஒரு பிரிவினருக்கு வலிக்கான மருந்தை முறையாகக் கொடுத்தனர். பெரும்பாலோருக்குப் பாரசிட்டமால் மட்டுமே. அவர்களின் கிளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது. வலிக்கிறது எனச் சொல்லத் தெரியாதவரின் வலி, சினமாக வெளிப்பட்டிருக்கிறது.

காரணம் புலப்பட்டதும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொழுது சாயும் முன்பே விளக்கேற்றி நிழல்களைக் குறையுங்கள். காலை வெயிலில் சற்று நடக்கவிடுங்கள். பகல் உறக்கத்தைச் சுருக்குங்கள். மாலைக்குப் பின் காபி, தேநீரைத் தவிருங்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் அணிவியுங்கள். "நான் எடுக்கவில்லை" என்று வாதிடாமல், "வாருங்கள், சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். டேனரிக்குக் கிளம்புபவரிடம் "ஓய்வு பெற்று இருபது ஆண்டாயிற்றே" என்று சொல்வதைவிட, "இன்று விடுமுறை, டீ குடியுங்கள்" என்பது பெரும்பாலும் பயன் தரும்.

ஒன்றை மட்டும் காத்திருந்து எழுத வேண்டாம். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினாலோ, பிதற்றினாலோ, எழுப்ப முடியாதபடி உறங்கினாலோ உடனே அழைத்து வாருங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச் சத்துக் குறைவு, சர்க்கரைத் தாழ்வு, தலையில் அடி, புதிய மருந்து ஆகியவற்றுள் ஏதேனும் காரணமாக இருக்கலாம். அவை குணப்படுத்தக்கூடியவை.

ஆய்வு யாருக்காக?

விலங்குகளைத் துன்புறுத்தி ஆய்வு செய்வது தகுமா எனச் சிலர் கேட்கின்றனர், நியாயமான கேள்வி. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 1998-இன் விதிகளும் இதனைக் கட்டுப்படுத்துகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி விலங்காய்வு செய்ய இயலாது. விலங்கின்றிச் சோதிக்கும் புதிய முறைகளுக்கும் 2023-இல் மருந்துச் சோதனை விதிகளில் இடம் தரப்பட்டுள்ளது. நரம்புப் பாதைகளை அறிய இன்றைக்கும் விலங்காய்வு தேவை என்பதே என் கருத்து. ஆனால், அதன் பயனும் எல்லையும் மக்களுக்கு ஒருங்கே சொல்லப்பட வேண்டும்.

ஆய்வுப் பணமும் கவனமும் கூண்டோடு நின்றுவிடக் கூடாது. முதிய நாய்களுக்கு இயற்கையாகவே மூளையில் அமிலாய்டு படிகிறது. இரவில் அலைகின்றன, பழகிய வீட்டிலேயே வழி தவறுகின்றன. அத்தகைய நாய்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், சத்தான உணவும் உடற்பயிற்சியும் துணையும் விளையாட்டும் சேர்ந்து கிடைத்த நாய்களே மற்றவற்றைவிட நன்கு கற்றன. மனிதரிடம் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கோவாவின் இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, நோயை விளக்கி, நடத்தையைக் கையாளக் கற்றுத்தந்தனர். பராமரிப்போரின் மனநலம் மேம்பட்டது; நோயாளியின் நடத்தையால் அவர்கள் அடைந்த துயரமும் குறைந்தது. இதற்கு விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் ஊர்களில், பகல் முழுவதும் வேலைக்குச் சென்று இரவு முழுவதும் விழித்திருக்கும் பெண்களுக்கு இத்தகைய உதவி கிடைக்கும் நாளையே நான் எதிர்பார்க்கிறேன். எலிகளுக்கான அடுத்த மருந்துச் செய்தி அதன் பிறகு வந்தாலும் குறையில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைப் பையோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். எழுத நேரமில்லை என்றால் கைபேசியில் பேசிப் பதிவு செய்து வந்தாலும் போதும். அதிலுள்ள செய்தி உலகின் எந்த ஆய்வகத்திலும் இல்லை. நாங்கள் முதலில் அதைத்தான் கேட்போம். பிறகுதான் மருந்து எழுதுவோம்.